ஆறாம் நெம்பர் வீட்டுச் செவுரு

வாங்க தம்பி, செருப்போடயே வாங்க, ஆளில்லாத வீடுதானுங்க. ஓனர் ஈரோட்டுல இருக்கறாரு. சாவி என்றகிட்டத்தான் இருக்கும், யாரு வீடு பாக்க வந்தாலும் நாந்தான் காட்டறது. முன்னால ஒரு ரூம்பு, பின்னால சமையக்கட்டு, அதுக்கும் பின்னால குளிக்கறதுக்குப் பொடக்காளி. எலி வளையானாலும் தனி வளை வேணும்பாங்க, அதுக்கு இது போதுமுங்க. நானும் இதே காம்பவுண்டுதான், மூணாம் நெம்பரு. பேரு ஆறுச்சாமி.

மேல பாக்கறீங்க. பாப்பீங்கன்னு தெரியும். வர்றவங்க அத்தன பேரும் அந்தச் செவுத்தத்தான் பாக்கறாங்க. ரெண்டு கோட்டிங் வெள்ளையடிச்சும் அந்தக் கருப்பு எட்டிப் பாத்துக்கிட்டே இருக்குது. புகை புடிச்சதுதானுங்க, நான் பொய் சொல்ல மாட்டேன். "மழைக்கு ஒழுகுன கறைன்னு சொல்லீருங்க ஆறுச்சாமி"ன்னு ஓனர் சொன்னாரு. ஒழுகற வீட்டுக்கு எவன் வருவான்? அதுக்குப் புகையே தேவல.

அதா, அந்த வெள்ளையா வட்டமாத் தொங்குது பாருங்க, அதுதான் புகை புடிக்கற டிடெக்டர். வாசல்ல சிவப்புப் பொட்டி ஒண்ணு பாத்திருப்பீங்க, அதுவும் நம்ம வேலைதான். நீங்க குடி வர்றதுன்னா இத முழுசாத் தெரிஞ்சுக்கோணும். சித்த இப்படிப் படிமேல உக்காருங்க, சொல்றேன்.

நான் பனியன் கம்பெனியில எலக்ட்ரீசியனுங்க. போன ஆடி மாசம், எங்க கம்பெனிக்கு ஆர்டர் குடுக்கற வெளிநாட்டுக்காரன் ஒரு ஆளத் தாட்டி விட்டான், எல்லாம் சரியா இருக்குதான்னு பாத்துட்டு வரச்சொல்லி. அந்த ஆளு நேரா தீ அலாரம் பேனல்கிட்டப் போய் நின்னுக்கிட்டு, "இதப் பாத்துக்கறவரு பரிட்சை பாஸ் பண்ணுனவரா?"ன்னு கேட்டான். மேனேஜர் என்னப் பாத்தாரு. நான் பேனலப் பாத்தேன். பேனல் மேல யாரோ துண்டு காயப் போட்டிருந்தாங்க.

அன்னிக்குச் சாயங்காலமே மேனேஜர் கூப்புட்டு உட்டாரு. "தீபாவளிக்குள்ள பயர் அலாரம் டெக்னீசியன் சர்டிபிகேட் வாங்கு ஆறுச்சாமி. இல்லீன்னா அதுக்குன்னு படிச்ச பையன் ஒருத்தனப் போட்டுக்கறேன். உன்னை வாட்ச்மேனா கேட்டுக்கு மாத்தீர்றேன்"னாரு.

கேட்டுன்னா சும்மா கேட்டு இல்லீங்க தம்பி. அங்க செக்யூரிட்டி ஆபீசர் யாருன்னு நெனச்சீங்க? என்ற சகலை நாச்சிமுத்து. என்ற ஊட்டுக்காரி துளசிமணியோட தங்கச்சி புருசன். என்னைவிடச் சின்னவன், அந்தக் கம்பெனியில அவனச் சேத்து உட்டதே நாந்தான். அவன்னு சொல்லக் கூடாது, இப்ப அவருன்னுதான் சொல்லோணும், அது ஏன்னு பொறகு சொல்றேன். தொப்பி, விசிலு, தோள்ல ஒரு மஞ்சக் கயிறு. வாட்ச்மேனுக எல்லாம் காலையில வரிசையா நின்னு அவனுக்கு சல்யூட் அடிக்கோணும். பூட்ஸ் சத்தம் கேக்கலீன்னா மறுக்கா அடிக்கச் சொல்லுவான்.

அவன் குடியிருந்தது இதே வீடுதானுங்க, இந்த ஆறாம் நெம்பரு. ராத்திரி கொழம்புக் கிண்ணத்த இவன் ஊட்டுல இருந்து வாங்கித் தின்னுபோட்டு, காலையில இவனுக்கே சல்யூட் அடிச்சா அந்தச் சோறு உடம்புல ஒட்டுமா? நீங்களே சொல்லுங்க. செத்தாலும் பரவால்ல, சல்யூட் மட்டும் அடிக்கறதில்லன்னு முடிவு பண்ணிப் படிக்கப் போனேன்.

ஞாயித்துக்கிழமைதோறும் கோயமுத்தூர்ல கிளாஸ். எல்லாம் மீசை மொளைக்காத பசங்க. "கையில செஞ்சு பழகுங்க, படிச்சா மட்டும் பத்தாது"ன்னு வாத்தியார் சொன்னாரு. நான் உடுவனா? கம்பெனியில கழிச்சுப் போட்ட பழைய பேனல் ஒண்ணு கெடந்துது, மேனேஜரக் கேட்டு எடுத்தாந்து என்ற ஊட்டுச் செவுத்துல மாட்டுனேன். இந்தக் காம்பவுண்டுல மொத்தம் எட்டு வீடு. எட்டு வீட்டுச் சமையக்கட்டுக்கும் டிடெக்டர், வாசலுக்கு, கையில அமுக்குனா அடிக்கற சிவப்புப் பொட்டி, தண்ணி டேங்க் மேல ஹாரன். சமையக்கட்டுல புகை டிடெக்டர் வெக்கக் கூடாது, சூட்டுக்கு அடிக்கறதுதான் வெக்கோணும்னு புஸ்தகத்துல போட்டிருக்குது. அதெல்லாம் பெரிய பெரிய கட்டடத்துக்குங்க. மொளகா வறுத்தா அடிக்கறது நல்லதுதான, எனக்கும் பழக்கமாகும்.

ஆனா ஒண்ணு, நெருப்பில்லாமப் புகையாதுங்கறாங்களே, அது நெசந்தானுங்க. நாலாம் நெம்பர் அம்மா சஷ்டி விரதம்னு தண்ணிகூடக் குடிக்காம இருக்கறேன்னு ஊரெல்லாம் சொல்லிக்கிட்டிருந்துச்சு. மத்தியானம் ஹாரன் அடிச்சுது. பேனல்ல பாத்தா நாலாம் நெம்பர் லைட்டு எரியுது. ஓடிப்போய்ப் பாத்தா சட்டியில நெத்திலிக் கருவாடு. அந்தம்மா அதுக்கப்பறம் ஒரு மாசம் என்ற மூஞ்சியில முழிக்கல. நான் என்னுங்க பண்றது, பேனலுக்கு விரதமெல்லாம் தெரியுமா?

சரி, தண்ணிக் கதைக்கு வர்றேன். இந்த வீதிக்கு நல்லதண்ணி ஆறு நாளைக்கு ஒருக்கா வரும். அன்னிக்கு எந்நேரத்துக்கு வரும்னு தெறந்து உடறவனுக்கே தெரியாது. வாசல்ல ஒரே ஒரு பைப்பு. மொதல்ல எந்தப் பொம்பள பாக்கறாளோ, அவ கம்முனு தன்ற குடத்தையெல்லாம் ரொப்பிக்கிட்டுத்தான் அடுத்தவளக் கூப்புடுவா. அதுல எத்தன சண்டை, எத்தன குடுமிப்புடி. ஒரு நா துளசிமணி பைப்புல காத்து சீறுற சத்தத்தக் கேட்டா. யோசிக்கவே இல்ல, சிவப்புப் பொட்டிய அமுக்கிப் போட்டா. எட்டு வீடும் குடத்தோட வெளிய. அன்னிக்குத்தான் எல்லாத்துக்கும் சமமாத் தண்ணி கெடச்சுது.

நான் தலையில அடிச்சுக்கிட்டேன். "இது தீக்கு வெச்ச பெல்லுடி"ன்னேன்.

"தீ எப்பங்க வந்துது? தண்ணிதான வருது"ன்னா.

அப்பறம் அதுவே பழக்கமாயிருச்சு. நான் வேலைக்குப் போயிருந்தா அவளே அமுக்கி, அவளே பேனல்ல ரீசெட் பண்ணிக்குவா. ஒருக்கா பேட்டரி தீந்துபோனப்ப அவளே மாத்தியிருந்தா. சும்மா பட்டன் அமுக்கறதுதானுங்க, அதுல என்ன இருக்குது. மூளை வேலை பூரா நம்முளுது.

எழுத்துப் பரிட்சை பாஸு. ஒயரிங் பரிட்சையும் பாஸு. கடைசியா ஒண்ணு வெச்சாங்க பாருங்க, அதுதான் கழுத்துக்குக் கத்தி. ஆளுக பொழங்கற எடத்துல நாமளே அலாரம் போட்டுக் காட்டோணும். பெல்லடிச்சா உள்ள இருக்கறவங்க அத்தன பேரும் போட்டது போட்டபடி வெறுங்கையோட வெளிய வந்து ஒரு எடத்துல நிக்கோணும், நாம தலை எண்ணோணும். கம்பெனியில கேட்டேன். ஷிப்மென்ட் நேரத்துல மிஷின நிறுத்தச் சொல்றியான்னு மேனேஜர் கடிச்சாரு. சரி, நமக்குக் காம்பவுண்டு இருக்குதேன்னு இங்கயே காட்டறதா எழுதிக் குடுத்தேன்.

ஆனா இந்த ஜனங்களுக்குப் பெல்லடிச்சாக் கை தானாக் குடத்துக்குப் போகுது. நானும் எத்தன நா பழக்குனேன்னு நெனச்சீங்க. "கையில ஒண்ணுமில்லன்னு எனக்குத் தெரியோணும், ரெண்டு கையையும் மேல தூக்கிட்டு வாங்க"ன்னேன். கடைசியில படிஞ்சாங்க. பெல்லடிச்சா எட்டு வீட்டு ஜனமும் கையத் தூக்கிக்கிட்டு வந்து முருங்கை மரத்தடியில நிக்கும். போலீசு புடிச்ச கூட்டமாட்டத் தெரியும், ஆனா பாக்க அத்தன அழகு.

அப்படிப் பழகுன அந்த வாரந்தான் தண்ணி வந்துது. துளசிமணி பொட்டிய அமுக்கிட்டா. எல்லாரும் கையத் தூக்கிக்கிட்டு மரத்தடிக்கு வந்துட்டாங்க, அவளும்தான். பழக்கதோசம். நான் ஒண்ணு ரெண்டுன்னு எண்றேன், எவனோ ஒரு பொடுசு நடுவுல எடம் மாறுது, மறுபடி மொதல்ல இருந்து எண்றேன். பின்னால பைப்புல தண்ணி கொட்டிக்கிட்டே இருக்குது. ஒருத்தர்கூடத் திரும்பிப் பாக்கலீங்க. நான் எண்ணி முடிச்சு, "எல்லாரும் பத்திரம்"னு சொல்றதுக்கும் தண்ணி நிக்கறதுக்கும் சரியா இருந்துது.

அதுக்கப்பறம் ஆறு நாளு லாரித் தண்ணி. என்னைத் திட்டாத வாயில்ல. துளசிமணி சோத்த வெப்பா, தண்ணி டம்ளர் வெக்க மாட்டா. விக்கிக்கிட்டுக் கேட்டா, "பெல்ல அடிங்க, வரும்"பா.

நாச்சிமுத்துவுக்கு ஒரே கொண்டாட்டம். "எதுக்கு சகலை இந்தப் பாடு? பேசாமக் கேட்டுக்கு வந்துருங்க. உங்க அளவுக்கு ஒரு தொப்பி சொல்லி வெச்சிருக்கறேன்"னான். அவன் வீட்டுல டிடெக்டர் மாட்டவே உடலீங்க மொதல்ல. "செக்யூரிட்டி ஆபீசர் ஊட்டுக்கு எதுக்கு அலாரம், நானே அலாரம்"னான். அவன் பொண்டாட்டி பிரேமா நல்ல புள்ள, அவன் டூட்டிக்குப் போனப்பறம் வந்து மாட்டிக்கங்க மாமான்னுச்சு. நைட்டு டூட்டி வாரத்துல பகல்ல தூங்கறதுக்கு ரெண்டு காதுலயும் பஞ்சு அடைச்சுக்குவான், நம்ம ஹாரனுக்குப் பயந்து.

பரிட்சை நாளு வந்துது. அன்னிக்குத் தண்ணி மொறை. "வேற நாளு வெச்சுக்கச் சொல்லுங்க"ன்னு துளசிமணி ஒரு வாரமாச் சொன்னா. குழாய்க்காக எவனாச்சும் பரிட்சைய மாத்துவானா? எக்ஸாமினர் சார் பேரு தேவசகாயம். முழுக்கைச் சட்டை, கழுத்துல ஸ்டாப் வாட்ச். காப்பி குடிச்சுட்டு டம்ளரக் கீழ வெக்கறாரு, பைப்புல சீறுது. துளசிமணி பொட்டியத் தொடவேண்டிய வேலையே இல்ல, எல்லாரும் காதக் குடுத்துக்கிட்டுத்தான இருந்தாங்க. வாசல் பூராக் குடம்.

"உள்ள ஆளிருந்தாத்தான வெளிய வர முடியும்? எல்லாரையும் உள்ள போகச் சொல்லுங்க"ன்னாரு சாரு.

தண்ணி கொட்டிக்கிட்டிருக்கறப்ப உள்ள போறதா? நாலாம் நெம்பர் அம்மா முந்தானைய இழுத்துச் சொருவிக்கிட்டு, "இந்தாளப் பாஸ் பண்ண வெக்கறதுக்கு நாங்க நாக்கு வறண்டு சாகோணுமா?"ன்னுச்சு. நான் கையெடுத்துக் கும்புட்டேன். ஒருத்தரும் அசையல. அப்பறம் துளசிமணி பேசுனா. "குடமெல்லாம் வரிசையா இங்கயே இருக்கட்டும். பெல்லடிச்சா வந்து புடிச்சுக்கலாம். அவருக்காக வேண்டாம், எனக்காகப் போங்க. எந்தங்கச்சி புருசனுக்கு எம்புருசன் சல்யூட் அடிக்கறத என்னால பாக்க முடியாது"ன்னு சொல்லிக் கண்ணத் தொடச்சுக்கிட்டா. போனாங்க. போனாங்கன்னா, வாசப்படிக்கு உள்ள ஒரு கால், வெளிய ஒரு கால்.

சாரு விரல நீட்டி, "இந்த வீட்டுல புகை காட்டுங்க"ன்னாரு. நீட்டுனது ஆறாம் நெம்பரு. புகை காட்டறதுக்குக் கிளாஸ்ல ஸ்ப்ரே டப்பா வெச்சிருப்பாங்க. எங்கிட்ட சாம்பிராணிதான். தூபக்கால்ல தணல் போட்டு எடுத்துக்கிட்டு உள்ள போறோம், முன் ரூம்புல நாச்சிமுத்து லுங்கியோட மல்லாந்து கெடக்கறான், காதுல பஞ்சு.

"இவர எழுப்ப வேண்டாமா?"ன்னாரு சாரு.

"நைட்டு டூட்டிங்க. செக்யூரிட்டி ஆபீசர். அவரு இந்தக் கணக்குல வரமாட்டாரு"ன்னேன்.

சமையக்கட்டுக்குப் போய் டிடெக்டருக்குக் கீழ தூபக்காலக் காட்டுனேன். அடிச்சுது பாருங்க ஹாரன், தெரு நாயெல்லாம் எந்திரிச்சுருச்சு. சாரு வாட்ச்ச அமுக்கிட்டு வெளிய ஓடுறாரு. நான் தலை எண்ணோணும், தூபக்காலக் கையில வெச்சுக்கிட்டு எப்படி ஓடறது? பக்கத்துல மேடையாட்ட ஒண்ணு இருந்துது, அது மேல வெச்சுட்டு ஓடியாந்துட்டேன். பிரேமா வீட்டுல உக்காந்து பனியனுக்குப் பிசிறு வெட்டற புள்ள. அது வேஸ்ட் துணி மூட்டைன்னு எழுதியா ஒட்டியிருந்துச்சு?

வெளிய வந்து பாக்கறேன், வாட்ச்சுல முள்ளு ஒரு சுத்துகூடச் சுத்தல, ஏழு வீட்டு ஜனமும் பிரேமாவும் பைப்படியில. சாருக்கு வாய் பொளந்துபோச்சு. நான் எண்ணுனேன். ஒரு தலை கொறையுது. "அது படுத்திருக்கற ஆளுங்க"ன்னேன். ஆறாம் நெம்பர் வாசல்ல புகை வருது. "சாம்பிராணிங்க சார், பழனியில வாங்குனது"ன்னேன். சாரு மூக்க உறிஞ்சிட்டு, சரின்னாரு.

பேனல ரீசெட் பண்றேன், மறுபடி அடிக்குது. மறுக்கா பண்றேன், மறுக்கா அடிக்குது. சாரு மொறைக்கறாரு. எனக்கு வேர்த்துப்போச்சு. "பழைய பேனலுங்க, சித்த அடம் புடிக்கும்"னு ஹாரன் ஒயரக் கழட்டப் போனேன். துளசிமணி என்ற கையப் புடிச்சுட்டா.

"ரெண்டு தரம் ரீசெட் பண்ணியும் அடிக்குதுன்னா அது புகையக் கண்டுட்டுத்தான் அடிக்குது. இது சாம்பிராணி வாசமில்லீங்க, துணி கருகுது"ன்னா.

சொல்லிக்கிட்டே ரொம்புன குடத்தத் தூக்கி இடுப்புல வெச்சுக்கிட்டு உள்ள ஓடிட்டா. பின்னாலயே பிரேமா, அதுக்குப் பின்னால நாலாம் நெம்பர் அம்மா, அதுக்குப் பின்னால எல்லாரும். நானும் ஓடுனேன், சாரும் ஓடுனாரு. சமையக்கட்டுல அந்த மூட்டை செவுத்தோட நின்னு எரியுது. நாச்சிமுத்து அப்பவும் தூங்கறான் தம்பி. புகை அவன் கட்டில் வரைக்கும் வந்துருச்சு. சல்யூட்டாவது மண்ணாவது, கட்டிலோட இழுத்து வெளிய போட்டேன். எவளோ அவன் மேலயும் ஒரு குடத்தக் கவுத்துட்டா. எந்திரிச்சு உக்காந்தான், காதுல இருந்து பஞ்ச எடுத்தான், சுத்தியும் குடத்தப் பாத்தான்.

"தண்ணி வந்துருச்சா?"ன்னான்.

தீ அணைஞ்சுபோச்சு. திரும்பிப் பாத்தா பைப்பும் நின்னுபோச்சு. ஆறு நாளு காத்திருந்த தண்ணிங்க அது. ஒருத்தியாவது ஒரு குடத்த ஒளிச்சு வெச்சிருப்பான்னு பாத்தேன். எல்லாக் குடமும் காலி. நாலாம் நெம்பர் அம்மாவோட குடம்தான் மொதல்ல காலியாயிருந்துது. என்னைத் திட்டுவாங்கன்னு நின்னுக்கிட்டிருந்தேன், எல்லாரும் பிரேமாவக் கட்டிப் புடிச்சுக்கிட்டு நின்னாங்க.

சாரு தலையில இருந்து சொட்டச் சொட்ட நின்னாரு. "அலாரம் வேலை செஞ்சுது, ஆளுக வெளிய வந்தாங்க, தீயும் அணைஞ்சுது. எதுக்குய்யா மார்க்கக் கொறைக்கறது?"ன்னு தனக்குத் தானே கேட்டுக்கிட்டாரு. அப்பறம் துளசிமணியப் பாத்து, "நீங்களும் இந்தப் பரிட்சைய எழுதலாமேம்மா"ன்னாரு.

"எனக்கெதுக்குங்க? என்னை யாரும் கேட்டுக்கு மாத்தலியே"ன்னா.

மரியாதைக்குச் சொன்னாரு, அவ்வளவுதான். தண்ணி யாரு வேணும்னாலும் ஊத்தலாமுங்க, தீயக் கண்டுபுடிக்கறதுக்குத்தான படிப்பு வேணும். பாஸ் ஆயிட்டேன். சர்டிபிகேட்ட பிரேம் போட்டு என்ற ஊட்டுல சாமி படத்துக்குப் பக்கத்துல மாட்டியிருக்குது, போறப்பப் பாத்துட்டுப் போங்க.

தீபாவளிக்கு மொத நாளு மேனேஜர் கையக் குலுக்கி, "இனி நீதாய்யா தீ பாதுகாப்பு இன்சார்ஜ்"னாரு. எனக்குக் கால் தரையில நிக்கல. "ஆனா பாரு, பாதுகாப்புன்னு பேரு வந்துட்டா அது செக்யூரிட்டி டிபார்ட்மென்ட்டுதான். லீவு முடிஞ்சதும் தெனமும் காலையில கேட்டுல வரிசைக்கு வந்துரு"ன்னாரு.

சிரிக்காதீங்க தம்பி. தொப்பியெல்லாம் சரியான அளவாத்தான் சொல்லி வெச்சிருந்தான். வெச்சிருந்தாரு. மொத நாளு ரெண்டு தரம் அடிக்கச் சொன்னாரு, பூட்ஸ் சத்தம் பத்தலையாமா.

உங்காளோட ஒரே காம்பவுண்டுல உசுரோட இருக்க முடியாதுன்னு துளசிமணிகிட்டச் சொல்லிப்போட்டு, தீப்புடிச்ச வாரமே வீட்டக் காலி பண்ணிக்கிட்டு அடுத்த வீதிக்குப் போயிட்டாரு. இதுதான் இந்த வீடு காலியான கதை. ஆனா அந்த வீதிக்கும் இதே தண்ணிதான், அங்க பெல்லு இல்ல. தங்கச்சி தவிக்குதேன்னு துளசிமணி டேங்க் மேல ஏறி ஹாரன அந்தப் பக்கமாத் திருப்பி வெச்சுட்டா. இப்பக் காலையில கேட்டுல நான் அவருக்கு சல்யூட் அடிக்கறேன். நம்ம பெல்லடிச்சா ஆபீசர் லுங்கிய மடிச்சுக் கட்டிக்கிட்டு ரெண்டு கையிலயும் குடத்தோட வீதி முக்குப் பைப்புக்கு ஓடியாறாரு. துளசிமணி மட்டும் வாசல்ல நின்னு அவரு வர்றதப் பாத்துட்டுத்தான் உள்ள போவா.

பேனல்ல ஆறாம் நெம்பர் லைட்டு சும்மாக் கெடக்குது, நீங்க வந்துட்டா நல்லதுங்க. உங்க ஊட்டுக்காரிகிட்ட ஒண்ணே ஒண்ணு மட்டும் சொல்லி வெச்சிருங்க. பெல்லடிச்சா யோசிச்சுக்கிட்டு நிக்கக் கூடாது, குடத்தத் தூக்கிக்கிட்டு வெளிய ஓடியாந்துரோணும்.

தண்ணியா தீயான்னா? அத வெளிய வந்து பாத்துக்கலாமுங்க.